குளம்பைத் தூக்கிப் பார்ப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். குதிரை வளர்ப்பவர்களோடு இன்று குளம்பைப் பற்றிப் பேசலாம்.

குளம்புச் சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். முன்பக்கம் மேல்விளிம்பில் புதிதாக வளர்வது தரையைத் தொட ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஆகவே இன்று வெடித்திருக்கும் குளம்பு, சில மாதங்களுக்கு முன் நடந்த கோளாறைக் காட்டலாம். குளம்புக்காக இன்று கொடுக்கத் தொடங்கும் பயோட்டின் என்ற வைட்டமினும் அடுத்த வாரமே பலன் தராது. மேலே பூசும் பளபளப்பு எண்ணெய்க்குச் செலவழிப்பதைவிட குளம்பின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஒரு குளம்புக் கொக்கி வாங்குவது மேல்.

கொக்கியைக் குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கி இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால், நடுவிலிருக்கும் முக்கோண மெத்தையில் குத்திவிடும். மெத்தையின் இரு பக்கப் பள்ளங்களையும் சுத்தம் செய்தபின் நடுப்பள்ளத்தைப் பாருங்கள். அது ஆழமில்லாமல், அகலமாக இருக்க வேண்டும். குதிகால் வரை பிளந்து, கறுப்பாகக் கசிந்து, மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம் அடித்தால் அது த்ரஷ், அதாவது மெத்தை அழுகல். காற்றுப் புகாத இடத்தில் வாழும் கிருமிகளின் வேலை. தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நீர்த்த பொவிடோன் அயோடினில் நனைத்த காஸ் துணியைப் பிளவுக்குள் லேசாக வைத்துத் தினமும் மாற்றுங்கள். தொங்கும் செத்த சதையை லாடம் அடிப்பவர் வெட்டட்டும். காரமான மருந்தை ஊற்றினால் உயிருள்ள சதையும் வெந்துவிடும். லாயத்தில் மூத்திர ஈரம் அப்படியே கிடந்தால் எந்த மருந்தும் நிற்காது.

அடுத்தது நாடி. கணுக்காலின் பின்புறம் இருபக்கமும் விரல்களை லேசாக வையுங்கள். நல்ல காலில் துடிப்பு தேடினால்தான் கிடைக்கும். குதிரை நன்றாக இருக்கும்போதே தினமும் தொட்டுப் பழகியவருக்குத்தான் மாற்றம் பிடிபடும். ஒரே காலில் துடிப்பு பலமாகி, சூடேறி, திடீரென ஊன்ற முடியாமல் போனால் பெரும்பாலும் உள்ளே சீழ் கட்டியிருக்கும். இரண்டு முன்கால்களையும் முன்னே நீட்டி, எடையைப் பின்னே சாய்த்து நின்று, திரும்பத் தயங்கினால் லாமினைட்டிஸைச் சந்தேகியுங்கள். உள்ளெலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிடி தளரும் நோய் இது. பிடி விட்டால் எலும்பு சுழன்றோ கீழிறங்கியோ போகும். கொழுத்த உடம்பு, அளவு மீறிய தானியம், செழித்த புல், ஈன்றபின் விழாமல் தங்கிய நஞ்சுக்கொடி எல்லாம் காரணமாகலாம்.

இதைக் கண்டதும் மருத்துவரை அழையுங்கள். நடத்திப் பார்க்க வேண்டாம். தானியத்தை நிறுத்துங்கள், தடிமனாக மெத்தென்று படுக்கை போடுங்கள், குளம்போடு சேர்த்து முழங்காலுக்குக் கீழ்வரை ஐஸ் நீரில் வையுங்கள். ஆரம்ப நிலையில் 48 முதல் 72 மணி நேரம் இடைவிடாமல் குளிர்விப்பது உண்டு. அரைமணி வைத்து எடுப்பது போதாது.

ஆணி ஏறியிருந்தால் சட்டென்று பிடுங்காதீர்கள். அது எங்கே, எந்தக் கோணத்தில் போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். மேலும் ஆழமாக ஏறும் அபாயம் இருந்து பிடுங்கியே தீர வேண்டுமென்றால் இடத்தையும் திசையையும் குறித்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் மருத்துவர் கேட்பார்.

லாடம் அடித்த குதிரைக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, அடிக்காததற்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்த வேண்டும். தள்ளிப்போட்டால் நுனி நீண்டு தசைநாண் இழுபடும்.

லாயத்துப் பெட்டியில் கொக்கி, முரட்டு பிரஷ், பொவிடோன் அயோடின், எப்சம் உப்பு, காஸ், டார்ச், வெப்பமானி, குழந்தை டயப்பர், அகலமான டேப் இருக்கட்டும். மருத்துவர் சீழைத் திறந்துவிட்ட குளம்புக்கு டயப்பர் அருமையான கட்டு. அதன்மேல் டேப் சுற்றும்போது குளம்போடு நிறுத்துங்கள். ரோமம் தொடங்கும் விளிம்பைத் தாண்டி இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும்.