கோப்பை முதலா, சம்பளம் முதலா?

(ஆப்பிரிக்க மகளிர் கால்பந்துக் கோப்பை பற்றி ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

2016 டிசம்பர் 14-ஆம் தேதி, நைஜீரியத் தலைநகர் அபுஜா. பட்ஜெட் தாக்கல் செய்ய அன்று குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்துக்கு வருகிறார். வெளியே பதாகைகளை ஏந்தியபடி ஒரு பெண்கள் கூட்டம் நிற்கிறது. எங்கள் பாக்கியைக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. நைஜீரியாவின் தேசியப் பெண்கள் கால்பந்து அணி அது. பதினொரு நாட்களுக்கு முன்புதான் இவர்கள் யாவுண்டே மைதானத்தில், கேமரூன் ரசிகர்கள் நிறைந்திருக்க, கேமரூனையே 1-0 என்று வீழ்த்தி ஆப்பிரிக்க சாம்பியன் ஆனார்கள். ஊர் திரும்பியதும் பேசிய தொகை வரவில்லை. ஹோட்டலைக் காலி செய்ய மாட்டோம், கோப்பையையும் தரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

விளையாட்டுத் துறை அமைச்சர் இதற்குச் சொன்ன விளக்கம் அதைவிடச் சுவையானது. இந்த அணி வெல்லும் என்று யாருக்குமே தெரியாது, தெரிந்திருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்போம் என்ற பொருளில் பேசினார். அதற்கு முன்பே ஏழு முறை இதே கோப்பையை வென்ற அணி அது. தீபாவளி வரும் என்று தெரியாது, தெரிந்திருந்தால் போனஸ் போட்டிருப்பேன் என்று ஒரு முதலாளி சொன்னால் எப்படி இருக்கும்!

இது முதல் தடவையும் அல்ல. 2004-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேமரூனை 5-0 என்று நொறுக்கினார்கள். அதில் நான்கு கோல் பெர்பெச்சுவா இன்க்வோச்சா ஒருவரே அடித்தது. அப்போதும் பணம் வரும்வரை ஹோட்டலைவிட்டுக் கிளம்ப மறுத்தார்கள். மைதானத்தில் ஓர் ஆட்டம், கால்பந்து சங்க அலுவலகத்தோடு இன்னோர் ஆட்டம் என்பது நைஜீரியப் பெண்களுக்குப் பழகிப்போனது.

போட்டியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991-இலும் 1995-இலும் உலகக் கோப்பைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் சுற்றாகத்தான் இது நடந்தது. ஒரே நாட்டில் எல்லா அணிகளும் கூடி ஆடும் வழக்கம் 1998-இல் நைஜீரியாவில் தொடங்கியது. முதல் ஐந்து கோப்பைகளையும் நைஜீரியாவே எடுத்துக்கொண்டது. 2000-இல் தென்னாப்பிரிக்காவோடு நடந்த இறுதி ஆட்டம் முடியவே இல்லை. நைஜீரியா 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது ரசிகர்கள் ரகளை செய்ய, 73-ஆம் நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கோப்பையை நைஜீரியாவுக்குக் கொடுத்தார்கள்.

நைஜீரியாவின் ஆதிக்கத்தை முதலில் உடைத்தது எக்வடோரியல் கினி என்ற சின்னஞ்சிறு நாடு, 2008-இல். அந்த அணியின் நட்சத்திரம் ஹெனொவேவா அன்யொன்மா. பெண்தானா என்று சந்தேகம் கிளப்பி, அதிகாரிகள் முன்னிலையில் தன்னை ஆடை களையச் சொன்னார்கள் என்று பல ஆண்டுகள் கழித்து அவர் பிபிசியிடம் சொன்னார். நன்றாக ஆடிய குற்றத்துக்கு இப்படி ஒரு தண்டனை. 2022-இல் வேறு வடிவத்தில் அதே கதை. பாலினத் தகுதி விதிகள் குறுக்கே நின்றதால் சாம்பியாவின் பார்ப்ரா பாண்டா அந்தப் போட்டியில் ஆடவே முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் மும்மூன்று கோல் அடித்தவர் அவர். 2024-இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே. 2025 போட்டியின் தொடக்க ஆட்டத்தில் களமிறங்கி, முதல் நிமிடத்திலேயே மொராக்கோவுக்கு எதிராக கோல் போட்டார். இதைவிடச் சுருக்கமாக யாரும் பதில் சொல்ல முடியாது.

இனி மொராக்கோ. நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது இந்த நாட்டைப் பற்றித்தான்.

2000-க்குப் பிறகு 22 ஆண்டுகள் இந்தப் போட்டியில் மொராக்கோவின் பெயரே இல்லை. பிறகு அங்குள்ள கால்பந்து சங்கம் ஒரு காரியம் செய்தது. கோப்பைக்குக் காத்திராமல், பெண்களுக்கு இரண்டு நிலைகளில் தொழில்முறை லீக் அமைத்து மாதச் சம்பளத்துக்கு வழி செய்தது. 2022-இல் போட்டியை நடத்தும் நாடாகத் திரும்பி வந்தபோது, நைஜீரியாவோடு அரையிறுதி பார்க்க ரபாத் மைதானத்தில் 45,562 பேர் கூடினார்கள். சிவப்பு அட்டையால் இருவரை இழந்து ஒன்பது பேராகிவிட்ட நைஜீரியா, கூடுதல் நேரம் முழுவதும் தாக்குப்பிடித்து, பெனால்டியில்தான் தோற்றது. தோற்ற அணிக்காகவும் எழுந்து நிற்கலாம் போலிருந்த ஆட்டம் அது.

ஆனால் அந்த ஆண்டுக் கோப்பை மொராக்கோவுக்குக் கிடைக்கவில்லை. ஹில்டா மகாயாவின் இரண்டு கோல்களால் 2-1 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. அதற்கு முன் ஐந்து இறுதி ஆட்டங்களில் தோற்ற அணி. அதன் பயிற்சியாளர் டிசைரி எல்லிஸ், 1993-இல் அந்த நாட்டுப் பெண்கள் அணியின் முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தவர். சாம்பியன் ஆன மறு ஆண்டே, உலகக் கோப்பைக்குப் புறப்படும் முன், அவருடைய வீராங்கனைகளும் பணத்துக்காகப் பயிற்சி ஆட்டத்தைப் புறக்கணிக்க வேண்டியிருந்தது. வியாதி நைஜீரியாவோடு நிற்கவில்லை.

2025 ஜூலை 26, மறுபடியும் ரபாத், மறுபடியும் மொராக்கோ இறுதியில். அணித் தலைவி கிஸ்லான் ஷெப்பாக். 1976-இல் ஆண்கள் ஆப்பிரிக்கக் கோப்பையை மொராக்கோ வென்றபோது அணியில் இருந்த லார்பி ஷெப்பாக்கின் மகள். 12-ஆம் நிமிடத்தில் அவர் ஒரு கோல், 24-இல் சனா முசூதி ஒன்று. இடைவேளையில் 2-0. இரண்டாம் பாதியில் நைஜீரியாவுக்கு ஒரு பெனால்டி. 64-ஆம் நிமிடத்தில் எஸ்தர் ஒகொரோங்க்வோ அதை வலைக்குள் அனுப்பினார். ஏழு நிமிடம் கழித்து அவரே பந்தைத் தள்ளிவிட, இஜாமிலுசி சமன் செய்தார். 88-இல் ஒகொரோங்க்வோவின் ஃப்ரீ கிக், மாற்று ஆட்டக்காரராக வந்த ஜெனிஃபர் எசெகினியின் காலில் பட்டு மூன்றாவது கோல். மூன்றிலும் ஒகொரோங்க்வோவின் கை, இல்லை, கால் இருந்தது. 1998 முதல் கணக்கிட்டால் நைஜீரியாவுக்குப் பத்தாவது கோப்பை.

இந்த முறை அரசு தாராளம் காட்டியது. ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஒரு லட்சம் டாலருக்கு ஈடான பணம், ஒரு வீடு, தேசிய விருது. மகிழ்ச்சிதான். ஆனால் பரிசு என்பது கொடுப்பவர் மனசு. சம்பளம் என்பது கேட்பவர் உரிமை. 2016-இல் மனசு இல்லை, 2025-இல் இருந்தது. 2026-க்கு யார் உத்தரவாதம்? போட்டியில் வெல்லும் அணிக்கான பரிசுத்தொகையும் 5 லட்சம் டாலரிலிருந்து 10 லட்சமாக உயர்ந்திருக்கிறது. 2024-இல் ஆண்கள் கோப்பையை வென்ற ஐவரி கோஸ்ட் பெற்றதோ 70 லட்சம்.

இங்கே ஒரு நண்பர் கேட்கக்கூடும்: சம்பளம் கொடுத்த மொராக்கோ இரண்டு முறையும் தோற்றது, கொடுக்காத நைஜீரியா பத்து முறை வென்றதே, பசிதானே வெல்கிறது? நைஜீரிய வீராங்கனைகள் எங்கே ஆடுகிறார்கள் என்று பாருங்கள். கோல் கீப்பர் நடோசி பல ஆண்டுகள் பாரிஸ் எஃப்.சி.யில் இருந்தவர். எசெகினி பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன். தொடரின் சிறந்த வீராங்கனை அஜிபாடே அத்லெட்டிகோ மாட்ரிட்டில் தேறியவர். அரையிறுதியில் கடைசி நேரத்தில் தென்னாப்பிரிக்காவை வீழ்த்திய மிஷெல் அலோசி அமெரிக்க லீக்கில் ஆடுபவர். இவர்களும் சம்பளம் வாங்கித்தான் ஆடுகிறார்கள். கொடுப்பது வேறு தேசத்து கிளப்புகள். நைஜீரியச் சங்கம் கோப்பையை மட்டும் வாங்கிக்கொள்கிறது.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன்.