காலைப் பார்த்தே இடாச்சியை வீழ்த்த முடியுமா? மைட் கய் எதிர் இடாச்சி

‘நருடோ’ என்ற ஜப்பானிய நிஞ்ஜா மாங்காவில் (சித்திரக்கதையில்), இடாச்சியின் கண்ணைப் பார்த்தால் கதை முடிந்தது; மாயையில் சிக்கிவிடுவீர்கள். கண்ணை மூடிக்கொண்டாலோ, அடி எந்தப் பக்கமிருந்து விழும் என்று தெரியாது. இந்தச் சிக்கலுக்கு விடை கண்டுபிடித்த மனிதர் பச்சை உடையில், கட்டைவிரலை உயர்த்தி, பல் பளபளக்கச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். நாம்தான் அவரைக் கோமாளி என்று ஒதுக்கிவிட்டோம். இன்று நான் மைட் கய்யின் வக்கீல்!

நருடோவை இன்னும் முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைசிப் போர் வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை வரைந்த தொடர், இருவரும் ஒரே இலைக் கிராமம். பின்னணி போதும்.

[திரையில்: ககாஷி சரிந்து விழும் காட்சி]

சுகுயோமி: கண்ணைப் பார்த்தவரை மாய உலகில் அடைக்கும் இடாச்சியின் வித்தை. கய்யின் நண்பரும் போட்டியாளருமான ககாஷி அந்த மாய உலகில் 72 மணி நேரம் வாளால் குத்தப்பட்டார். வெளியே கழிந்தது ஒரு கணம்தான். (மாங்கா தொகுதிகளும் 72. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.) அருகே சக நிஞ்ஜாக்கள் அசுமாவும் குரெனாயும் ககாஷி சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது வந்து இறங்குகிறார் கய். கண்ணைத் திறங்கள், இடாச்சியின் காலை மட்டும் பாருங்கள், அசைவு அதிலேயே தெரியும் என்கிறார். ககாஷிக்கும் இடாச்சியைப் போலவே ஷாரிங்கன் என்ற மாயக்கண் உண்டு; அவரோடு ஓயாமல் போட்டி போட்டே அதற்குக் கய் கண்டுபிடித்த மருந்து இது.

உடனே இடாச்சி ரசிகர்கள் கையைத் தூக்குவார்கள். தூக்கட்டும், நியாயமான கேள்விதான். பிறகு ஒரு சண்டையில், கதாநாயகன் நருடோவை வெறும் விரலை நீட்டியே கெஞ்சுட்சுவில் (மாய வித்தையில்) சிக்கவைத்தான் இடாச்சி. காலைப் பார்த்தாலும் விரல் கண்ணில் பட்டுவிடுமே!

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. குரெனாய் போட்ட கெஞ்சுட்சுவையே இடாச்சி அவர் மீது திருப்பி விட்டபோது அவர் எப்படித் தப்பினார்? உதட்டைக் கடித்துக்கொண்டார். வலி மாயையை உடைக்கும். இப்போது கய்யை நினைத்துப் பாருங்கள். உடலின் வலிமையைக் கட்டுப்படுத்தும் எட்டு வாயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பலம் பெறுவதுதான் அவருடைய வித்தை. அவற்றைத் திறந்தவுடன் அவருடைய தசைகளே கிழிய ஆரம்பிக்கின்றன. குரெனாய்க்கு உதட்டில் மட்டும் இருந்த வலி, இவருக்கு உடம்பு முழுவதும், ஒவ்வொரு நொடியும் இருக்கிறது. அந்த உடம்பில் விரல் மாயை எவ்வளவு நேரம் நிற்கும்? தொடரில் இதை யாரும் சொல்லவில்லை, என் வாதம்தான். ஆனால் உறுதியான வாதம்.

அடுத்து, இடாச்சியைச் சுற்றி எழும் ராட்சத வீர உருவமான சுசானோவின் யாதா கண்ணாடி. எதிரியின் தாக்குதல் எந்தத் தன்மையோ அதற்கேற்ப மாறித் தடுக்கும் கேடயம் அது. நெருப்பு, மின்னல் எதுவும் செல்லாது. கய்யின் ஏழாம் வாயில் அடியான பகல் புலியோ சக்ராவே (நிஞ்ஜாக்களின் உள்சக்தியே) இல்லாத வெறும் காற்றழுத்தம். இடாச்சியின் கூட்டாளி கிசாமே ஏவிய, சக்ராவைத் தின்னும் சுறா அதன் முன்னால் ஏமாந்துபோனது. கண்ணாடியும் ஏமாறும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இடாச்சி நோயாளி; அதிகாரப்பூர்வக் கையேட்டில் அவனுடைய தாக்குப்பிடிக்கும் திறனுக்கு ஐந்துக்கு 2.5 மதிப்பெண்தான். சுசானோவை எவ்வளவு நேரம் தாங்குவான்?

இடாச்சியின் அமதெராசு? அந்தக் கறுப்புத் தீ பட்டால் கய் காலி. படுமளவுக்கு அவர் நின்றால்தானே!

எட்டாம் வாயிலை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதைத் திறந்து கடைசிப் போரில் மோதியபோது, தைஜுட்சுவில் (கைகால் சண்டையில்) இவரே தலைசிறந்தவர் என்று எதிரி மதாராவே ஒப்புக்கொண்டான். ஆனால் அது உயிரைக் கொடுத்து வாங்கும் வெற்றி. நருடோ வந்ததால் பிழைத்தார். இந்தச் சண்டையில் நருடோவுக்கு அனுமதி இல்லை.

என் தீர்ப்பு: முதல் நொடியிலேயே வாயில்களைத் திறந்தால் கய் ஏழாவதிலேயே வெல்வார். வழக்கம்போல் கட்டைவிரலை உயர்த்தி, இளமையின் பெருமை பற்றி உரையாற்றத் தொடங்கினால், அவர் இரண்டாம் வாக்கியத்துக்கு வருவதற்குள் இடாச்சி சண்டையை முடித்துவிட்டு நடையைக் கட்டியிருப்பான்.

இடாச்சி ரசிகர்களே, கருத்துப் பகுதி உங்களுடையது. ‘இடாச்சி எப்போதுமே முழு பலத்தோடு போரிட்டதில்லை’ என்ற பதிலை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த வலிக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.