மாலை ஐந்து மணிப் பசி

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

எடையைக் குறைக்க வேண்டும் என்று என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெண்களிடம், நேற்று மாலை ஐந்து மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். காலைக் காப்பிகுடியை, அதாவது காலை உணவையே, விட்டுவிட்டு, மதியம் சோற்றைத் தொடாமல் ஒரு வெள்ளரிக்காயோடு நிறுத்திக்கொண்டவர், மாலையில் பிள்ளைக்கு எடுத்து வைத்த ஏத்தங்காய்ச் சிப்ஸில் ஒன்றை வாயில் போட்டிருப்பார். உடனே, "இன்றைய கட்டுப்பாடு போயிற்று, இனித் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று மனம் தளர்ந்துவிட, டப்பா காலியாகியிருக்கும். "எனக்கு வாய் அடங்கவில்லை" என்று சொல்லி அழுதவர்களும் உண்டு.

வாயின் மேல் பழி போடுவது நியாயமில்லை. 1944-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் பட்டினியின் விளைவுகளை அறியத் தொடங்கிய ஆய்வில், உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவே தரப்பட்டது. அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். பட்டினிக் காலம் முடிந்த பிறகு, வயிறு நிறைந்தும் உண்பதை நிறுத்த முடியாமல் சிலர் தவித்தார்கள். நம் பெண்கள் பலர் தாமாகவே வகுத்துக்கொள்ளும் உணவு இதைவிடவும் குறைவானது. போதாததற்கு, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பதும், பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றித் தின்று தீர்ப்பதும் சேர்ந்துகொள்கின்றன.

"தொடவே கூடாது" என்ற விதி, ஒரு துண்டு தொட்டதுமே உடைந்துவிடுகிறது. "இவ்வளவு போதும்" என்ற விதியில் அந்த ஒரு துண்டுக்கும் இடம் இருக்கிறது. மரச்சீனிக்கிழங்கை விலக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் மாவுச்சத்து என்பதால், கிழங்கைக் குறைத்து, சாளை மீனைக் கூட்டிக்கொள்ளலாம். காலையில் கஞ்சியும் பயறும் வயிறாரச் சாப்பிட்டவருக்கு மாலையில் அந்தச் சிப்ஸ் டப்பாவின் இழுப்பு குறைவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

ஆனால், அளவின்றி உண்டுவிட்டு வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர்களுக்கு இந்த யோசனைகள் போதா. அது மருத்துவம் தேவைப்படும் நோய். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, தயங்காமல், வீட்டில் ஒருவரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு செல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.