விடை கேட்காத வினாக்கள்

நேயர்களுக்கு என் வணக்கம். போட்டித் தேர்வுகளில் இடம்பெறும் தரவுப் போதுமை வினாக்களைப் பற்றி, அவற்றுள்ளும் பகா எண், பகு எண் ஆகியவற்றை வைத்து அமைக்கப்படும் வினாக்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். 1-ஐ விடப் பெரிய முழு எண்களில், 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண்; வேறு எண்ணாலும் வகுபடுவது பகு எண். ஜிமேட் போன்ற மேலாண்மை நுழைவுத் தேர்வுகளுக்கோ வங்கித் தேர்வுகளுக்கோ படிப்பவர்கள் இவற்றைப் பார்த்திருப்பார்கள். ஒரு கேள்வி இருக்கும்; அதன் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். கேள்விக்கு விடை காண முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, ஒவ்வொன்றும் தனியாகவே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும்.

கணக்கைப் பார்த்தவுடன் விடை காணப் பழகிய கை, இங்கேதான் தடுமாறுகிறது. ஓர் எண்ணைப் பற்றி, 'இது பகா எண்ணா?' என்று கேட்கிறார்கள் என்று கொள்வோம். அது 23-ஐ விடப் பெரியது, 29-ஐ விடச் சிறியது என்று கூற்று சொல்கிறது. அந்த எண் எது என்று நமக்குத் தெரியாது. ஆனால் 24, 25, 26, 27, 28 ஆகிய ஐந்துமே பகு எண்கள். ஆகவே எண் எதுவானாலும், 'இது பகா எண் அன்று' என்று உறுதியாகச் சொல்லிவிடலாம், கூற்று போதுமானதே. 'இல்லை' என்ற விடை வந்ததால் கூற்று போதாது என்று எழுதிவிடும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். உறுதியான 'இல்லை' என்பதும் முழுமையான விடைதான். எண்ணைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை; கேள்விக்கு ஒரே விடைதான் வர முடியும் என்று தெரிந்தால் போதும்.

அடுத்து, 2 என்ற எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இத்தகைய வினாக்களில் பெரும்பாலும் அதுதான் ஒளிந்திருக்கிறது. இரட்டை எண்களில் பகா எண்ணாக இருப்பது அது ஒன்றுதான். இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை 30 என்று சொன்னால் அவை எவை என்று முடிவு செய்ய இயலாது. 7-உம் 23-உம் ஆகலாம், 11-உம் 19-உம் ஆகலாம், 13-உம் 17-உம் ஆகலாம். கூட்டுத்தொகை 31 என்று சொல்லுங்கள், நிலைமை மாறிவிடுகிறது. இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண்தான் வரும் என்பதால், ஒற்றை எண்ணான 31 வர வேண்டுமானால் அவற்றுள் ஒன்று 2 ஆகத்தான் இருக்க வேண்டும், மற்றது 29. ஒன்றே ஒன்று கூடியதில், போதாத கூற்று போதுமானதாகிவிட்டது. இதைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை; கேட்டுக்கொண்டிருக்கும் இடத்திலேயே மனத்தில் கூட்டிப் பாருங்கள்.

ஒரு கூற்று போதாது என்று காட்டுவது எளிது. அதற்குப் பொருந்துகிற இரண்டு எண்கள், கேள்விக்கு மாறான இரண்டு விடைகளைத் தந்தால் போதும். 'எண் ஒற்றை எண்' என்ற கூற்றுக்கு 7-உம் 9-உம் பொருந்துகின்றன. ஒன்று பகா எண், மற்றது பகு எண். கூற்று அங்கேயே விழுந்துவிட்டது. போதும் என்று காட்டுவதோ அவ்வாறன்று. அதற்குக் காரணம் வேண்டும். சில எண்களைப் போட்டுப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே விடை வருகிறது என்பதால் முடிவுக்கு வரக்கூடாது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, கணித மேதை இலியோனார்டு ஆய்லர் 1772-இல் எடுத்துக்காட்டியது. ஓர் எண்ணை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அந்த எண்ணைக் கழித்து, 41-ஐக் கூட்ட வேண்டும். 1-ஐப் போட்டால் 41, 2-ஐப் போட்டால் 43, 3-க்கு 47, 4-க்கு 53, 5-க்கு 61. எல்லாம் பகா எண்கள். தேர்வு அறையில் ஐந்து முறை பார்த்தவர் நிறுத்திவிடுவார். பொறுமையுள்ளவர் பத்து வரை போவார், இருபது வரை போவார். அப்போதும் பகா எண்தான். 39 வரையிலும் அப்படியே. 40-ஐப் போட்டாலும் 1601 என்ற பகா எண் கிடைக்கிறது. 41-ஐப் போடுங்கள். 41 பெருக்கல் 41-இல் 41-ஐக் கழித்து, மீண்டும் 41-ஐக் கூட்டுகிறோம். எஞ்சுவது 41 பெருக்கல் 41, அதாவது 1681, பகு எண். தொடர்ந்து நாற்பது முறை 'ஆம்' என்று சொன்ன விதி நாற்பத்தொன்றாம் முறை 'இல்லை' என்கிறது. ஆகவே, 'ஓர் எண் இந்த விதிப்படி அமைந்தது' என்ற கூற்று, அது பகா எண்தான் என்று சொல்லப் போதாது. மீண்டும் சொல்கிறேன்: போதாது என்பதற்கு இரண்டு எண்கள் போதும், போதும் என்பதற்கு நாற்பது எண்களும் போதா.

இரண்டு கூற்றுகளையும் சேர்த்துப் பார்க்கும் முறையை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஓர் எடுத்துக்காட்டு மட்டும். 'எண் எது?' என்பது கேள்வி. அது பகா எண் என்பது முதல் கூற்று. 90-க்கும் 100-க்கும் இடைப்பட்டது என்பது இரண்டாவது. இரண்டாவதைப் படிக்கும்போது முதல் கூற்றை மறந்துவிட்டுத் தனியாகவே சோதிக்க வேண்டும். தனித்தனியே இரண்டும் போதா. சேர்த்தால் 91-உம் 97-உம் கண்ணில் படும். பலர் இரண்டையும் பகா எண்கள் என்று கருதி, சேர்த்தாலும் போதாது என்று எழுதிவிடுகிறார்கள். 91 என்பது 7 பெருக்கல் 13. எனவே 97 மட்டுமே எஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்தால் போதும். நன்றி, வணக்கம்.