பாலீர்ப்பு இல்லாதோரும் நம் கதைமாந்தரே

அவைத் தலைவர் ஐயா அவர்களே, ஆலய அறங்காவலர்களே, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து இந்த மழையிலும் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தமிழாசிரியை அம்மையார் அவர்களே, பின்வரிசையில் எளிமையாக அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தை வாடகையின்றித் தந்த அறங்காவலர்களுக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

பாலீர்ப்பு இல்லாத மனிதர்களைக் கதையில் எழுதுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர்கள் யார், கதைகளில் அவர்களுக்கு நேரும் அநீதி என்ன, அவர்களின் கதை நம் மொழியில் பிறக்க நாம் என்ன செய்வது என்று மூன்று செய்திகள்.

பிறர்மீது உடல் வேட்கை தோன்றாதவர்கள், அல்லது மிக அரிதாகத் தோன்றுபவர்கள் அவர்கள். துறவிகள் அல்லர். துறவி உள்ளதை விடுகிறார். இவர்களுக்கு விடுவதற்கே ஒன்றுமில்லை. ஆனால் இவர்களில் காதலிப்பவர்கள் உண்டு, மணந்து வாழ்பவர்களும் உண்டு. பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் பங்கேற்ற கணக்கெடுப்பைக் கனடா நாட்டு உளவியலாளர் அந்தோனி போகார்ட் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார். ஏறத்தாழ நூற்றில் ஒருவர், தமக்கு யார்மீதும் அந்த ஈர்ப்பு வந்ததில்லை என்று சொல்லியிருந்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும் 2013 பதிப்பில், தம்மை இப்படி உணர்பவருக்கு பாலுறவு ஆர்வக்குறைவு நோய் என்று எழுதக் கூடாது என்றுவிட்டது. எழுத்தாளர்கள் மட்டும் ஏன் இன்னும் மருந்து தேடவேண்டும்?

'கரும்பு தின்னக் கூலியா' என்பது எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கூலிக்குக் கரும்பு வெட்டியவர்களின் வழிவந்தவர்கள் நாம். அது நம் வீட்டுப் பேச்சு. சனிக்கிழமை வகுப்பு மாணவி ஒருத்தி, மணம் செய்துகொள்ளாத தன் பெரியம்மாவைப் பற்றிக் கதை எழுதினாள். அதில் பெரியம்மாவின் காதலன் விபத்தில் இறந்துபோகிறான். அவள் அவன் படத்தைப் பெட்டியில் வைத்து அழுகிறாள். "இது நடந்ததா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, காரணம் வேண்டுமே" என்றாள். "பெரியம்மாவிடமே கேள்" என்று அனுப்பினேன். மாரியம்மன் கூழுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, படிக்கச் சொல்லிக் கேட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாராம். "யாரடி அவன்? பெண் பார்க்க வந்தவர் தங்கமான மனிதர். என் அம்மாகூடக் கரும்பு தின்னக் கூலியா என்று கேட்டாள். எனக்குக் கரும்பு இனிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காக அவனை ஏன் கொல்கிறாய்?" என்றாராம். மாணவி காதலனை நீக்கினாள். அந்த இடத்தில் பெரியம்மாவின் தையல் தொழிற்சாலை வேலை வந்தது, தங்கையோடு வீட்டுப் பத்திரத்துக்காகப் போட்ட சண்டை வந்தது, நாற்பதாண்டுத் தோழி ஒருத்தி வந்தாள். கதைக்கு உயிர் வந்தது.

அநீதி என்று நான் சொன்னது அந்த இறந்த காதலனைத்தான். பழைய காயம், உணர்ச்சியற்ற இயந்திரம், கடைசிப் பக்கத்தில் 'சரியான ஆள்' வந்ததும் மாறிவிடும் மனம்: இவற்றை அறவே விடுங்கள். கரும்பு இனிக்காதவருக்கும் பசி உண்டு, பாசம் உண்டு, கோபம் உண்டு. அவற்றை எழுதுங்கள்.

அந்தக் கதை தமிழில் எழுதப்பட்டது என்பதை அவை கவனிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் நம் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தில் 9ஆம் பிரிவு, பாலின நாட்டத்தைக் காட்டி எவரையும் ஒதுக்குவதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, போற்றி மதிக்கவேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தப் பெரியம்மாவைப் பற்றி அவர் மொழியிலேயே எழுத ஒரு பெண் இருந்தாள், ஏனென்றால் ஒரு வகுப்பு இருந்தது. அறங்காவலர் ஐயாக்களே, ஒவ்வோர் ஆலயத்திலும் ஓர் அறையைச் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்புக்குத் திறந்துவிடுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளை அனுப்புங்கள். பிள்ளைகள் எழுதும் கதைகளைப் பொங்கலுக்கு முன் தமிழாசிரியை அம்மையாரிடம் சேர்த்துவிடுங்கள். கையெழுத்தில் இருந்தாலும் போதும், தட்டச்சு செய்துகொடுக்க நான் இருக்கிறேன்.