பலகை இல்லாத அருவி

நேயர்களுக்கு வணக்கம்.

படிக்கட்டு, கம்பித் தடுப்பு, எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லாத அருவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "யாருக்குமே தெரியாத இடம்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பக்கத்து ஊர்க்காரருக்குமா தெரியாது? பெரு நாட்டில் கோக்தா என்றொரு அருவி. இரண்டு அடுக்காக 771 மீட்டர் உயரம். 2002இல் ஸ்டெஃபான் சீமென்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் கண்ணில் பட்டது. அதை அளந்து 2006இல் அவர் அறிவித்த பிறகுதான் வெளியுலகம் கேள்விப்பட்டது. கோகசிம்பா கிராமத்து மக்களோ பிறந்த நாள் முதல் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஆகவே கைப்பேசி காட்டும் வழியை மட்டும் நம்பிப் போகாமல், அந்தப் பக்கம் ஆடு மாடு மேய்ப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். வழி கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும், எங்கே இறங்கிக் குளிக்கிறார்கள், எந்தப் பக்கம் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்றெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். பத்துப் பலகை செய்யும் வேலையை அது செய்துவிடும்.

கேட்க ஆளே இல்லையா? ஓடைக்கரை மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைக் கவட்டையில் காய்ந்த சருகும் சுள்ளியும் வேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சிக்கியிருக்கும். ஏதோ பறவைக் கூடு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். பெரும்பாலும் அது போன வெள்ளம் விட்டுப்போனது. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அது உங்கள் தலைக்கு மேலே இருந்தால், பையை இறக்கிவைத்துச் சாவகாசமாக உட்கார அது இடமல்ல.

வானம் வெளுத்துத்தானே இருக்கிறது என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. மழை மலைமேல் எங்கோ கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் பெய்யும். இங்கே ஒரு சொட்டு விழாது. தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியுமாக அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் திடீரென்று கனத்தாலோ, கழற்றி வைத்த துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டில் ஏறிவிடுங்கள். ஓடையோரமாகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள். வெள்ளமும் அதே வழியில்தான் வரும்.

அருவி விழும் இடத்து ஆழக் குழியை, அதாவது கசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல அருவிகளில் மேலே கடினப் பாறை, அடியில் இளகிய பாறை. அடிப்பாறையைத் தண்ணீர் அரித்துக்கொண்டே போகும். மேல்பாறை அந்தரத்தில் நீட்டி நின்று, ஒருநாள் முறிந்து விழும். நயாகரா இப்படியே சுமார் 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. முறிந்த பாறைகள் கசத்துக்குள் கிடக்கும். சுழலில் சிக்கிய கற்கள் தரையைக் குடைந்துகொண்டே இருக்கும். அதனால் ஓர் எட்டு முழங்கால் ஆழம், அடுத்த எட்டில் தரையே இருக்காது. மேலிருந்து குதிப்பவர் எதன்மேல் குதிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. வெள்ளை வெளேரென்று நுரைக்கும் இடம் இன்னும் மோசம். காற்று கலந்த தண்ணீர் உடம்பை அவ்வளவாகத் தாங்காது. விழும் நீரோ அடியில் அழுத்தி, மேலே வந்தவரை மறுபடி அருவியடிக்கே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இங்கேதான் திணறுகிறார்கள்.

விழும் தண்ணீருக்கு நேரே தலையைக் கொடுக்கும் ஆசையும் எல்லாருக்கும் உண்டு. 20 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரோடு விழும் கூழாங்கல் இரண்டே நொடியில், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும். தண்ணீராவது காற்றில் சிதறி வேகம் தணியும், கல் சிதறாது. ஓரத்துச் சிறு தாரையில் நின்று குளித்தால் போதாதா?

மேல் விளிம்புக்குப் போகிறவர்கள் பாறையின் நிறத்தைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். காய்ந்த சாம்பல் நிறப் பாறையை ஒட்டியே கறுத்த பட்டை ஒன்று ஓடும். பார்த்தால் ஈரமிருப்பதுபோல்கூடத் தெரியாது. விரலால் தேய்த்தால் வழவழவென்று நழுவும். பச்சைப் பாசியாவது கண்ணுக்குத் தெரிந்து எச்சரிக்கும். என்னைக் கேட்டால், இந்தக் கறுப்புப் பாசிதான் ஆளைக் கவிழ்க்கும்.

ரொம்பவும் பயமுறுத்திவிட்டேனோ? சரி, வானவில்லுக்கு வருவோம். சாரலில் வில் தெரிய, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். கிழக்கு பார்த்து விழும் அருவி என்றால் காலையில் போங்கள், மேற்கு பார்த்தது என்றால் மாலையில். சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வில் கிடைக்காது. மேட்டில் நின்று சாரலைக் குனிந்து பார்ப்பவருக்குக் கிடைக்கலாம். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்து, "படத்தில் பார்த்த வில்லைக் காணோமே" என்று அருவியைக் குறை சொல்லித் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.