வாண்டா ஏன் எதிர்த்துப் பேசவில்லை?

அடுத்த கேள்வி பெரம்பூரிலிருந்து ஒரு தோழி அனுப்பியது. அப்படியே படிக்கிறேன்: "நீங்கள் சொல்லித்தான் பார்பரா லோடனின் 'வாண்டா' பார்த்தேன். யார் என்ன சொன்னாலும் அந்தப் பெண் கேட்டுக்கொள்கிறாள், அறைந்தவன் பின்னாலேயே போகிறாள். இதை எப்படிப் பெண்ணியப் படம் என்கிறீர்கள்?"

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 1970-இல் இந்த அமெரிக்கப் படம் வந்தபோது பெண் விடுதலை பேசியவர்களிலேயே சிலருக்கு இந்தக் கோபம் இருந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதி. கணவனை விட்டு வந்த வாண்டா, சகோதரி வீட்டு சோபாவில் படுத்துக் கிடக்கிறாள். விவாகரத்து வழக்குக்குத் தாமதமாகப் போய், பிள்ளைகள் அப்பாவிடமே இருக்கட்டும் என்கிறாள். அப்புறம் டென்னிஸ் என்ற திருடனிடம் போய்ச் சேர்கிறாள். அவள் வாங்கி வந்த பேன்ட் பிடிக்கவில்லை என்று கார் ஜன்னல் வழியாக வீசுகிறான். பேசாமல் இருக்கிறாள். வங்கிக் கொள்ளைக்கு வா என்கிறான். போகிறாள்.

எனக்கு மறக்காத இடம் வேறு. தையல் தொழிற்சாலைக்குப் போய், வேலை உண்டா என்று கேட்கிறாள். நீ ரொம்ப மெதுவாகத் தைக்கிறாய், சரிப்பட்டு வராது என்கிறார் அந்த ஆள். சண்டை இல்லை, அழுகை இல்லை. கிளம்பிவிடுகிறாள். இதைப் பார்த்தபோது எனக்கு என் சித்தி ஞாபகம் வந்துவிட்டது. அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைலராக இருந்தார். டார்கெட் முடிக்கவில்லை என்று நிறுத்தினார்கள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்று அவரைத்தான் திட்டினோம். கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மெரினாவில் கையை நீட்டி நிற்கும் கண்ணகி சிலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். படத்தில் ஒரு பெண் இருந்தால், கடைசியிலாவது அவள் சிலம்பை உடைக்க வேண்டும் என்று காத்திருக்கிறோம். ஆனால் கண்ணகிக்குத் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது தெரியும். வாண்டாவுக்கு அதை யாருமே சொல்லித் தரவில்லை. நான் எதற்கும் லாயக்கில்லை என்று அவளே நம்புகிறாள். ஒரு பெண்ணை அந்த நம்பிக்கைக்குக் கொண்டுவந்து விடுவது எது என்பதைத்தான் லோடன் ஒவ்வொரு காட்சியாகக் காட்டுகிறார். என்னைப் பொறுத்தவரை பெண்ணியம் அங்கேதான் இருக்கிறது.

கதையின் விதை ஒரு பத்திரிகைச் செய்தி. வங்கிக் கொள்ளையில் உடந்தையாக இருந்ததற்காகத் தண்டனை பெற்ற ஒரு பெண், தண்டித்த நீதிபதிக்கு நன்றி சொன்னாள். சிறைக்குப் போவதே நிம்மதி என்றால் வெளியே அவள் வாழ்க்கை என்னவாக இருந்திருக்கும்? லோடன் அந்தச் செய்தியைப் பல வருடம் மனதில் வைத்திருந்தார். அவரும் வட கரோலினாவில் வறுமையில் வளர்ந்தவர். நியூயார்க்கில் நடனம் ஆடிப் பிழைத்து, மேடை நடிகையாகி 1964-இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி வாங்கியவர். ஆனாலும் பலருக்கு அவர் இயக்குநர் எலியா கசானின் மனைவி, அவ்வளவுதான்.

இந்தப் படத்தை எழுதி, இயக்கி, வாண்டாவாகவும் அவரே நடித்தார். செலவு ஒரு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல். விரல் விட்டு எண்ணக்கூடிய குழு, 16 எம்எம் கேமரா, பெரும்பாலும் நடித்துப் பழக்கமே இல்லாத உள்ளூர் ஆட்கள். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் நிக்கோலஸ் ப்ரோஃபெரஸ். வெனிஸ் விழாவில் பரிசு கிடைத்தும், அமெரிக்காவில் அதிகம் பேர் பார்க்கவில்லை. 1980-இல் மார்பகப் புற்றுநோயால் லோடன் இறந்தபோது வயது 48. இன்னொரு முழுநீளப் படம் எடுக்க அவருக்கு வாய்க்கவே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

தோழி, நீங்கள் ஒரு இடத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். டென்னிஸ் இறந்த பிறகு ஒருவன் அவளைக் காரில் கூட்டிப்போய்ப் பலவந்தம் செய்கிறான். அப்போது வாண்டா கத்துகிறாள், திமிறுகிறாள், காட்டுக்குள் ஓடுகிறாள். படம் முழுக்க பெரும்பாலும் எதற்கும் மறுப்புச் சொல்லாதவள், அங்கே உடம்பாலேயே மறுக்கிறாள். லோடன் இசை போட்டு அதை வீரமாக்கவில்லை. மரத்தடியில் அழவிடுகிறார். பிறகு முன்பின் தெரியாத ஒரு பெண்தான் அவளை உள்ளே அழைத்துப்போய் உட்கார வைக்கிறாள்.

மறுபடி பார்ப்பீர்கள் என்றால் முதல் சில நிமிடங்களை ஓட்டிவிடாதீர்கள். கரிக்குவியல்களுக்கு நடுவே வெள்ளை உடையில், தூரத்தில் ஒரு புள்ளியாக நடந்து வருகிறாள். அனல்மின் நிலையச் சாம்பல் படியும் எண்ணூர் பக்கம் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். கேமரா அவளை விட்டு நகராமல், அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவளை அவ்வளவு நேரம் கவனித்துப் பார்ப்பவர்கள் அந்தக் கதைக்குள் ஒருவர்கூட இல்லை.